குழுவுக்கு ஒரு படம், ஊருக்கு ஒரு படம்

செமினியை அடுத்த புரோகா குன்று. மணி ஏழைத் தாண்டிவிட்டது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை 1982 தொடக்கத்தில் அரைமணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அன்றிலிருந்து கோலாலம்பூர் வட்டாரத்தில் ஏழு மணிக்கு முன்னால் சூரியன் தலைகாட்டுவது அபூர்வம். விடியல் படம் வேண்டுமென்றால் ஐந்தரைக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஏற வேண்டும். நானும் அப்படித்தான் ஏறியிருந்தேன். லாலாங் புல்லின் பனி முழங்கால்வரை நனைத்திருந்தது. காலில் கம்போங் அடிடாஸ். தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் காலணிதான், இப்போது மலையேறுகிறவர்களின் செல்லம்.

கீழே செம்பனை மரங்களின்மேல் பனி படுத்திருந்தது. முன்னால் ஒரு பெரும்பாறை, அதன்மேல் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர். கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்தேன். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே அதை இரண்டு இடங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்று, கிள்ளானில் ஞாயிறுதோறும் சேர்ந்து நடக்கும் எங்கள் புலனக் குழு. மற்றொன்று, இன்ஸ்டாகிராம். (வாட்ஸ்அப்பைப் புலனம் என்று எங்கள் பத்திரிகைகள் எழுதும். பேச்சில் அது வாட்சப்தான்.)

அடிவாரத்து மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்குள் இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்துவிட்டது. குழுவில்: “அண்ணே, கடைசி ஏத்தத்துல மண்ணு வழுக்குதா?” “கார எங்க போட்டீங்க? எத்தனை வெள்ளி வாங்குறான்?” “அக்காவுக்கு முட்டி வலி. ரெண்டாவது முகட்டோட திரும்பிடலாமா?” “பாறை மேல யாரு, நம்ம ஆளா?” இன்ஸ்டாகிராமில் கொஞ்சம் இதயங்கள், இரண்டு தீச்சுவாலைகள், கைதட்டும் கைகள். ஒரே ஒருவர் மட்டும் வாய் திறந்து கேட்டிருந்தார்: “மானா நி?” இது எங்கே என்று பொருள்.

படம் ஒன்றுதான், எடுத்த நொடியும் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த இடத்தைப் பொறுத்து அது இரண்டு வேறு பொருள்களாகிவிட்டது. தெரிந்தவர்களுக்கு அனுப்பும் மலைப்படத்தையும் தெரியாதவர்களுக்குக் காட்டும் மலைப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. வசதிக்காக முதலாவதைக் குழுப்படம் என்றும் இரண்டாவதை ஊர்ப்படம் என்றும் சொல்லிக்கொள்வோம்.

இரண்டுக்கும் முன்னோர்

இந்தப் பிரிவு கைப்பேசியோடு பிறந்ததல்ல. குழுப்படத்தின் தாத்தா ஆல்பம், ஊர்ப்படத்தின் தாத்தா பட அஞ்சலட்டை.

என் பெரியப்பா ரயில்வேக்காரர். பிரிக்பீல்ட்ஸில் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று எல்லோரும் சொன்ன ரயில்வே குடியிருப்பில் இருந்தார். அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். அவருடைய ஆல்பத்தில் கேமரன் மலை, பிரேசர் மலை, கோலக்குபு பாருவை ஒட்டிய புக்கிட் கூத்து எல்லாம் உண்டு. ஒரு சுருளுக்கு 36 படம். சுருள் முடிந்து, கழுவி, அச்சாகி வர இரண்டு வாரம் ஆகும். பக்கங்களுக்கு இடையே எண்ணெய்த்தாள் சரசரக்கும். தீபாவளித் திறந்த இல்லத்தில் முறுக்குத் தட்டு ஒருமுறை சுற்றி வந்ததும் ஆல்பம் வெளியே வரும்.

அந்த ஆல்பத்தை நாங்கள் தனியாகப் பார்த்ததே இல்லை. பெரியப்பாவின் விரல் கூடவே வரும். புக்கிட் கூத்து உச்சியில் காட்டுக்கு நடுவே தனியே நிற்கும் புகைபோக்கியின்மேல் விரலை வைத்து, “வெள்ளைக்காரன் பங்களாவுல மிச்சம் இதுதான். இந்தக் கல்லுலதான் உக்காந்து அட்டையப் பிடுங்குனோம், பதினோரு அட்டை” என்பார். உடனே ஒரு பிள்ளை கேட்கும்: “ரத்தம் வந்துச்சா பெரியப்பா?” ஒவ்வொரு படமும் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும்.

அஞ்சலட்டை நேர் எதிர். பத்துமலைக் குகையின் படம் போட்ட அஞ்சலட்டைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பலேறின. வாங்கியவர் படம் எடுத்தவரல்லர். எடுத்தவருக்கு அதைப் பெறப்போகிறவர் யாரென்று தெரியாது. இங்கிலாந்தில் ஒரு வீட்டு மாடத்தில் அது நிற்கும்போது, “மேலே ஏற எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லலாம், அல்லது சும்மா இருக்கலாம். இன்றைய இதயக்குறியும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து திறந்துவைத்தது 2010 அக்டோபர் 27 அன்று. அதே மாதம் 6ஆம் தேதிதான் இன்ஸ்டாகிராம் வெளிவந்தது. பெரியப்பா நடந்த ஜாலான் துன் சம்பந்தன் வண்ண வளைவுகளோடு படமெடுக்கத் தோதான தெருவானதும், படத்தை உலகத்துக்கே காட்டும் வழி நம் கைக்கு வந்ததும் மூன்று வார இடைவெளியில் நடந்தன.

கோப்பில் இருப்பதும் இல்லாததும்

தொழில்நுட்பத்தில் தொடங்கலாம், ஏனென்றால் பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது இங்கேதான். கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எடுத்த நேரம், கேமராவின் விவரம் எல்லாம் பதிவாகிறது. அனுமதித்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகும். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இந்த விவரங்கள் கழன்றுவிடுகின்றன. படமும் சுருங்கிவிடுகிறது. கூடுதல் தெளிவோடு அனுப்பும் வசதி 2023இல்தான் வந்தது. கோப்பாக, அதாவது டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் மட்டுமே எல்லாம் அப்படியே போய்ச் சேரும். இன்ஸ்டாகிராமும் பார்ப்பவர்களுக்கு இந்த உள்விவரங்களைக் காட்டுவதில்லை.

ஆக, இரண்டு வழியிலும் படம் ஊமையாகத்தான் போய்ச் சேருகிறது. இடத்தைக் காட்டிக்கொடுப்பது கருவியல்ல, நாம். ஊர்ப்படத்தில் நாமே விரலால் தேடித் தேர்ந்து மலையின் பெயரை ஒட்டுகிறோம். குழுப்படத்தில் யாராவது கேட்டால் சொல்கிறோம்.

காலத்தின் கணக்கு வேறு மாதிரி. குழுவில் படம் இன்று காலை வந்ததென்றால் இன்று காலை எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரத்தில் பிறந்தநாள் வாழ்த்துகளும் ‘இனிய காலை வணக்க’ ரோஜாக்களும் அதன்மேல் விழுந்து புதைத்துவிடும். ஊர்ப்படம் சாவதில்லை. மலையின் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் ஐந்தாண்டுக்கு முந்திய படம் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று வந்து நிற்கும். அதற்குள் கயிறு அறுந்திருக்கலாம், மண் சரிந்திருக்கலாம், பாதையையே மூடியிருக்கலாம். படத்தில் அன்றைய வெயில் அப்படியே இருக்கும்.

ஒரே படிக்கட்டு, இரண்டு படங்கள்

பத்துமலையை மலையேற்றக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். 272 படி ஏறி மூச்சு வாங்கியவர்கள் கேட்க மாட்டார்கள். இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை, ஏனென்றால் இங்கே இரண்டு வகைப் படமும் ஒரே படியில் நின்று எடுக்கப்படுகின்றன.

1892 முதல் தைப்பூசம் நடக்கும் இடம் அது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில், குடமுழுக்கை ஒட்டிப் படிகளுக்கு வானவில் வண்ணம் பூசினார்கள். பூச்சு உலர்வதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது. பாரம்பரிய இடமாக அரசிதழில் பதிவானது என்பதால் அனுமதி பெறாமல் பூசியது குறித்து மரபுடைமைத் துறை கேள்வி எழுப்பியது தனிக்கதை. நம் கணக்குக்கு வேண்டியது, ஒரு பூச்சு அந்த இடத்தின் படத்தையே மாற்றிவிட்டது என்பதுதான்.

ஒரு சாதாரண வார நாளில் அங்கே போய்ச் சிலையின் எதிரே அரைமணி நேரம் நில்லுங்கள். சுற்றுலா வந்தவர் தரையோடு தரையாகக் குந்தி, சிலநேரம் படுத்தே, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, வேலின் நுனியிலிருந்து கீழ்ப்படிவரை ஒரு சட்டத்துக்குள் அடக்கப் பார்ப்பார். நண்பர் படியின் நடுவில் நிற்பார். மற்றவர்கள் விலகும்வரை இருவரும் காத்திருப்பார்கள். ஊர்ப்படத்துக்கு ஆளில்லாத படிதான் அழகு.

அதே படியில் பத்தடி தள்ளி ஒரு குடும்பம் நிற்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை அழுதுகொண்டிருக்கும். பாட்டி நெற்றியில் திருநீறு, அப்பா கையில் செருப்புப் பை. பின்னால் யாரென்றே தெரியாத பத்துப் பேர், ஒரு குரங்கு, பாதி வெட்டுப்பட்ட ஒரு குடை. எடுத்தவுடன் படம் பினாங்கிலும் ஈப்போவிலும் உள்ள குடும்பக் குழுவுக்குப் போகும். “மொட்ட நல்லா இருக்கு!” “மாமா ஏன் எளச்சிட்டாரு?” என்று கேள்விகள் வரும். கலைக்கண்ணுக்கு அந்தப் படம் தேறாது. ஆனால் முப்பது ஆண்டு கழித்துக் குடும்பம் தேடப்போவது அதைத்தான்.

இரண்டில் எது உண்மை என்று கேட்பதில் பயனில்லை. ஆளற்ற வண்ணப்படி ஒரு நொடிக்கு உண்மையாகவே அங்கே இருந்தது. கூட்டமும் இருந்தது. ஊர்ப்படம் இடத்தைப் பார்க்க மனிதரை விலக்குகிறது, குழுப்படம் மனிதரைப் பார்க்க இடத்தைப் பின்னணியாக்கிவிடுகிறது. தொலைவில் இருப்பவருக்கு இடம் புதிது, உறவினருக்கு மனிதர் முக்கியம். பார்ப்பவர் மாறினால் சட்டமும் மாறுகிறது.

விளிம்பில் உட்கார்ந்த படம்

பத்துமலையில் இது ரசனையைச் சேர்ந்த விஷயம். தாபூரில் உயிரைச் சேர்ந்தது.

தாமான் மெலாவத்திக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் புக்கிட் தாபூர், கிள்ளான் கேட்ஸ் படிகக்கல் முகட்டின் ஒரு பகுதி. ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு ஓடும் இந்தப் படிகக்கல் சுவர் உலகின் மிக நீளமானவற்றுள் ஒன்று. வேறெங்கும் வளராத சில தாவரங்களும் காட்டாட்டு இனமான செரோவும் வாழும் இடம். ஒரு பக்கம் கிள்ளான் கேட்ஸ் அணையின் நீர், மறுபக்கம் இரட்டைக் கோபுரமும் மெர்டேக்கா 118ம் நிற்கும் நகரம், நடுவே கத்தி முனைபோல் பாறை. படம் எடுக்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த முகட்டிலிருந்து வரும் படங்களில் ஒருவர் பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். கோணம் கொஞ்சம் மாறினால் காலுக்கு ஓரடி கீழே தட்டையான கல் இருப்பது தெரிந்துவிடும். அதனால் கோணத்தை மாற்ற மாட்டார்கள். வேறு சில படங்களில் இதன் மறுதலை நடக்கும். அகன்ற லென்ஸ் பின்னணியைத் தள்ளிவிடுவதால் செங்குத்தான சரிவும் மிதமாகத் தெரியும். படிகக்கல் உடைந்தால் கூராக உடையும், பிடித்த கல் கையோடு வரும், ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. அங்கே தவறி விழுந்து மாண்டவர்கள் உண்டு. விபத்துகளுக்குப் பின் பாதை பலமுறை மூடப்பட்டது. சிலாங்கூரில் வனக்காப்பகத்துக்குள் இருக்கும் மலைகளில் ஏற வனத்துறையின் அனுமதி வேண்டும். பெரிய மலைகளுக்கு மாலிம் குனோங் எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டியும் கூட வர வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி தாபூர் படமொன்றைப் போட்டு, “அடுத்த வாரம் இங்க போலாமா?” என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் பதில்கள்: “மூடியிருக்கான்னு மொதல்ல பாரு.” “பெர்மிட் எடுத்தியா?” “ஏறிடுவ தம்பி, எறங்கறப்பதான் அம்மா ஞாபகம் வரும்.” கடைசிப் பதிலை எழுதியவர் ஒருமுறை அங்கே முக்கால் மணி நேரம் ஒரே பாறையைக் கட்டிப்பிடித்து நின்றவர். படம் சொல்லாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வாரம் நாங்கள் செத்தியா ஆலாம் காட்டுப் பாதைக்குப் போனோம்.

அதே படத்தை ஊர்ப்படமாகப் பார்த்தவருக்கு அந்த ஒரு வரி கிடைக்காது. அவர் பார்ப்பது பாறையும் நீரும் நகரமும் மலையின் பெயரும் மட்டுமே. சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப அது போதும்.

ஆற்றுப் படங்களும் இப்படித்தான். உலு லங்காட் பக்கத்து ஆறுகளில் குளிக்கப் போகிறவர்கள் கெப்பாலா ஆயர் என்றால் நடுங்குவார்கள். மேல்மலையில் பெய்த மழை ஒரே சுவராகத் திரண்டு இறங்குவது அது. கீழே மடுவில் வானம் நீலமாகத்தான் இருக்கும். அந்த நீலத்தைத்தான் படம் காட்டும். மலைக்கு அப்பால் கறுத்துக் கிடக்கும் மேகம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

மலை கொடுக்கும் விலை

ஊர்ப்படம் பார்த்துக் கிளம்பும் கூட்டத்தின் சுமையை இடம்தான் தாங்குகிறது. புரோகாவில் வாரக்கடைசிக் காலையில் பார்க்கலாம். புல் மூடியிருந்த ஓரங்கள் தேய்ந்து மஞ்சள் மண் தெரிகிறது, மழைநீர் அதை வாய்க்காலாக்குகிறது, வாய்க்காலைத் தவிர்க்க அடுத்தவர் புல்லை மிதித்து இன்னொரு பாதை போடுகிறார். பெயர்பெற்ற பாறையில் உட்கார வரிசை நிற்கிறது. என் படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவருக்குப் பின்னால் ஏழு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் அவர்களை வெட்டிவிட்டேன்.

நமக்கு மட்டும் வந்த தொல்லையல்ல இது. அமெரிக்காவின் வயோமிங்கில் ஜாக்சன் ஹோல் சுற்றுலாக் கழகம் 2018இல் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: குறிப்பிட்ட இடத்தின் பெயரை ஒட்டாதீர்கள், பொதுவான இடப்பெயரை மட்டும் போடுங்கள். சுற்றுலாவை வளர்க்க வேண்டிய கழகமே அப்படிக் கேட்டது. ஜப்பானில் புஜி மலை ஒரு கடையின் கூரைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் நடைபாதை ஒன்று பரவலான படத்தால் புகழ்பெற்றது. கூட்டம் சாலையில் இறங்கி நின்றது, குப்பை சேர்ந்தது. 2024 மே மாதம் நகர நிர்வாகம் அங்கே இரண்டரை மீட்டர் உயரக் கறுப்புத் திரையையே கட்டியது. மலையைப் பார்க்க வந்தவர்களிடமிருந்து மலையை மறைத்தார்கள்.

குழுப்படத்தால் இத்தனை சேதம் வராது. எங்கள் குழுவில் அறுபது பேர். ஒரு மலையை அறுபது பேருக்குச் சொன்னால் எட்டுப் பேர் போவார்கள், அதிலும் இரண்டு பேர் தூங்கிவிடுவார்கள்.

குழுவின் குறைகள்

இதுவரை படித்தவர் நான் குழுவின் கட்சி என்று நினைத்திருப்பார். குழுவிலும் நேர்மையாகச் சொல்ல வேண்டிய குறைகள் உண்டு.

முதலாவது, முகத்தாட்சணியம். குழுவில் எந்தப் படமும் மோசமில்லை. அடிவானம் சாய்ந்திருந்தாலும் விரல் நிழல் விழுந்திருந்தாலும் “சூப்பர் அண்ணே” என்றுதான் வரும். மூத்தவர் போட்டால் கும்பிடும் கைகள் வேறு. நான் வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றதும், உச்சி வெயிலில் எடுப்பதை விட்டதும், கூட்டத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுக்கப் பழகியதும் முன்பின் தெரியாதவர்களின் ஊர்ப்படங்களைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, கதவு. புலனக் குழுவில் இன்று 1,024 பேர்வரை சேரலாம், ஆனால் யாராவது உங்களைச் சேர்க்க வேண்டும். ஷா ஆலாமில் வாடகை வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு மலையேறும் குழு எதுவும் தெரியாது. தன்னைப்போன்ற இன்னொருத்தி குனோங் நுவாங்கின் 1,493 மீட்டரை ஏறிச் சேறு படிந்த முகத்தோடு சிரிக்கும் படத்தை எங்கோ பார்த்துத்தான், “நம்மாலும் முடியும்” என்று முதல் காலணியை வாங்குகிறாள். எங்கள் குழுவுக்குப் பின்னாளில் வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு ஊர்ப்படத்தைப் பார்த்து வந்தவர்கள்தான். கதவைச் சாத்திக்கொண்டு காடு எங்களுடையது என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

மூன்றாவது, மறதி. ஆல்பம் அலமாரியில் இருந்தது. குழுப்படம் யாருடைய கைப்பேசியிலோ இருக்கிறது. நினைவகம் நிறைந்தால் முதலில் அழிவது அதுதான். கைப்பேசி ஆற்றில் விழுந்தால் ஐந்தாண்டு மலைகளும் கூடவே போய்விடும். எங்கள் குழுவின் முதல் நடையின் படம் இன்று எங்களில் ஒருவரிடமும் இல்லை.

நான்காவதுதான் பெரியது. பகிர்ந்த படம். யாரோ எடுத்த வெள்ளக் காட்சி, எந்த ஆண்டென்றே தெரியாத நிலச்சரிவு, “இன்று காலை, உடனே அனைவருக்கும் அனுப்பவும்” என்ற வரியோடு குழுவுக்குள் வந்து விழும். பத்தாங் காலி முகாம் தளத்தில் 31 பேரைப் பலிகொண்ட 2022 டிசம்பர் 16 நிலச்சரிவுக்குப் பிறகு மலை, காடு, மழை என்று எந்தப் படம் வந்தாலும் எங்களுக்கு வயிறு கலங்கும். அந்தப் பயத்தில்தான் பழைய படங்களும் வேகமாகப் பரவுகின்றன. கைமாறி வந்ததைக் காட்டும் குறியைப் புலனம் 2018இல் கொண்டுவந்தது, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கடத்தலாம் என்பதையும் பின்னர் குறைத்தது. அந்தக் குறியோடு வரும் படத்திடம் “மண்ணு வழுக்குதா?” என்று கேட்க முடியாது. அனுப்பியவர் அங்கே போகவில்லை, எடுத்தவர் இங்கே இல்லை. குழுவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர்ப்படம் அது.

ஆகவே வேலி புலனத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இடையில் இல்லை. எடுத்தவரைக் கேட்க முடிகிற படத்துக்கும் கேட்க முடியாத படத்துக்கும் இடையில் இருக்கிறது.

ஊருக்கே காட்டி, பதிலும் சொல்லலாம்

இதற்கு உலகத்தில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2005இல் ஜியோகிராப் என்ற முயற்சி தொடங்கியது. நாட்டை ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் யாராவது ஒரு பொழுதுபோக்குக்காரர் படமெடுத்து, எங்கே, எப்போது, என்ன என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். இன்று அதில் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். வேலிக்கம்பியும் ஆட்டுக்கொட்டிலும் சதுப்பு நிலமும்தான் பெரும்பாலும். இதயக்குறி வாங்கத்தக்க அழகு சிலவற்றில்தான் இருக்கும். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு முன் ஒரு பாலம் எப்படி இருந்தது என்று கேட்டால் அதில் பதில் இருக்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் இன்னொரு வகை. காட்டில் கண்ட பூவையோ பூச்சியையோ படமெடுத்துப் போட்டால் பெயர் சொல்ல உலகெங்குமிருந்து ஆள் வருவார்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்றால் அதன் இருப்பிடத்தை அதுவே மங்கலாக்கிவிடும். ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். ஆர்க்கிட் திருடுகிறவருக்கு அது உதவாது, அறிய விரும்புகிறவருக்குப் போதும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் பதில் சொல்வதில் ஒரு பகுதிதான் என்பதை அது காட்டுகிறது.

பெரியப்பாவின் விரல் செய்த வேலையைத்தான் இந்த இரண்டும் செய்கின்றன. பார்க்கிறவர் கேட்கக்கூடியதை முன்கூட்டியே ஊகித்துப் படத்தோடு சேர்த்து வைக்கின்றன.

இப்போது நான் செய்வது

அந்தப் புரோகாக் காலைக்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். படத்தை முதலில் குழுவுக்கு மட்டும் அனுப்புகிறேன். ஒருநாள் காத்திருக்கிறேன். கேள்விகள் வருகின்றன. வழுக்குமா, தண்ணீர் எத்தனை லிட்டர், கார் எங்கே, முட்டி தாங்குமா, அனுமதி வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். எல்லாம் அடங்கியபின், அந்தப் பதில்களை நகலெடுத்துப் படத்துக்கு அடியில் ஒட்டி ஊருக்குக் காட்டுகிறேன். அறுபது பேர் கேட்டது, பார்க்கப்போகும் ஆறாயிரம் பேருக்கும் உதவட்டும் என்ற கணக்கு. இதயங்கள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, நீளமாக எழுதினால் யாருக்கும் பிடிப்பதில்லை. “மானா நி?” என்று கேட்பவரும் குறைந்துவிட்டார்.

புரோகாப் படத்தையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். இம்முறை பாறைக்குப் பின்னால் நின்ற ஏழு பேரை வெட்டவில்லை. அடியில் எழுதியது இதுதான்: “ஞாயிறு காலை 7.20. நேற்றிரவு மழை, கடைசி ஏற்றத்தில் மண் வழுக்குகிறது. பாறைக்கு வரிசை இருபது நிமிடம். முட்டி வலி உள்ளவர்கள் இரண்டாவது முகட்டோடு திரும்பலாம், அங்கிருந்தும் இதே சூரியன்தான். புல்லை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள்.”

கிள்ளானிலிருந்து முதல் பதில் வந்தது: “அண்ணே, நாலாவதா நிக்கிறது என் மச்சான் மாதிரி இருக்கே?”

மச்சானேதான்.